புகைப்படச் சேகரிப்பைக் குறிச்சொற்களால் ஒழுங்குபடுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனிலும் கேமராவிலும் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன, வேண்டும்போது ஒன்றும் அகப்படுவதில்லை. இந்தக் குறையோடு வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். குறிச்சொல் என்று நான் எழுதுவதைத்தான் சில மென்பொருள்கள் டேக் என்கின்றன, சில கீவேர்டு என்கின்றன. எல்லாம் ஒன்றே.

தேதிவாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறேன். அது போதாதா?

பாதி வேலைக்குப் போதும். ஃபோல்டரில் உள்ள சிக்கல் என்னவென்றால், ஒரு படம் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும், ஆனால் அதைத் தேடி நீங்கள் எந்த வழியில் வருவீர்கள் என்று இன்றைக்குத் தெரியாது. என்னிடம் இருக்கும் ஒரு படத்தையே சொல்கிறேன். மழையில் கடலோரம் என் அக்கா ஒரு மஞ்சள் குடையோடு நிற்கிறாள், காற்றில் குடை மேல்பக்கமாகப் புரண்டுவிட்டது, பின்னால் யாருடையதோ ஒரு நாய் ஓடுகிறது. இதை அக்காவின் பெயரில் உள்ள ஃபோல்டரில் போடுவதா, கடல் என்ற ஃபோல்டரிலா, 2016 பயணம் என்ற ஃபோல்டரிலா? மூன்றிலும் நகலெடுத்துப் போட்டால் இடம் போகிறது என்பது சின்ன விஷயம். அடுத்த மாதம் ஒரு நகலைத் திருத்துவீர்கள், மற்ற இரண்டும் பழையபடியே இருக்கும், அப்புறம் எது சரியானது என்று உட்கார்ந்து ஒப்பிட வேண்டும்.

அதனால் ஃபோல்டர் தேதிக்கு மட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2016-07-23 என்று பெயர் வைத்தால் கணினி அகரவரிசையில் அடுக்கும்போதே காலவரிசையும் வந்துவிடும். மற்றதெல்லாம் குறிச்சொல்லுக்குப் போகட்டும்: அக்காவின் பெயர், கடற்கரை, மழை, குடை, நாய். இந்த ஐந்தில் எதைத் தட்டினாலும் அந்தப் படம் வந்து நிற்கும்.

குறிச்சொல், நிற லேபிள், நட்சத்திரம், கொடி என்று நான்கு இருக்கின்றன. எதை எதற்குப் பயன்படுத்துவது?

இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளாமல் தொடங்கினால் ஆறே மாதத்தில் எல்லாம் குழம்பிவிடும். நான் வைத்திருக்கும் பிரிவு இது. படத்தில் என்ன இருக்கிறது என்பதைக் குறிச்சொல் சொல்லும். எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதை நட்சத்திரம் சொல்லும். இந்தப் படத்தில் இன்னும் என்ன வேலை பாக்கி என்பதை நிற லேபிள் சொல்லும். வைத்துக்கொள்வதா, தூக்கிப்போடுவதா என்பது கொடி.

படத்தில் இருக்கும் நாய் பத்து வருடம் கழித்தும் நாய்தான், அதனால் குறிச்சொல் நிரந்தரம். லேபிள் அப்படியில்லை, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டியது. சிவப்பு என்றால் குறிச்சொல் போட வேண்டும், மஞ்சள் என்றால் வெளிச்சம் நிறம் திருத்த வேண்டும், நீலம் என்றால் யாருக்கோ அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன், பச்சை என்றால் அச்சுக்குத் தயார். ஊதாவை நான் தொடுவதே இல்லை. அடோபி நிறுவனத்தின் புகைப்பட மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் 6, 7, 8, 9 விசைகள் முதல் நான்கு நிறங்களுக்குத்தான், ஊதாவுக்கு விசை கிடையாது, மவுஸைத் தேடிப் போக வேண்டும். சிவப்புக்கு "கடற்கரை" என்றும் நீலத்துக்கு "குடும்பம்" என்றும் அர்த்தம் வைக்காதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு லேபிள்தான் ஒட்டும், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன அன்றே மாட்டிக்கொள்வீர்கள்.

நட்சத்திரத்தைப் பொறுத்தவரை தாராளம் வேண்டாம். பார்த்த படத்துக்கெல்லாம் நான்கு கொடுத்தால் அது எதையும் பிரித்துக் காட்டாது. ஒரு வருடப் படங்களில் ஐந்து நட்சத்திரம் ஐம்பதைத் தாண்டினால் நான் உட்கார்ந்து குறைப்பேன்.

ஒரு படத்துக்கு எத்தனை குறிச்சொற்கள் போட வேண்டும்?

மூன்றிலிருந்து எட்டுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி, "மூன்று வருடம் கழித்து இந்தப் படத்தைத் தேடினால் என்ன சொல்லைத் தட்டுவேன்?" என்பது. யார், எங்கே, என்ன நிகழ்ச்சி, கண்ணில் படும் பொருள் அல்லது செயல் ஒன்று. இந்த வரிசையில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் சொற்கள் தாமாக வரும்.

படம் விற்கும் தளங்களுக்குப் போடுபவர்கள் "மகிழ்ச்சி, சுதந்திரம், காலை, வானம், நீலம், அமைதி" என்று ஒரு படத்துக்கு முப்பது நாற்பது போடுவார்கள். அது முன்பின் தெரியாதவர் கண்ணில் படுவதற்காக. உங்கள் சொந்தப் படங்களுக்கு அது தேவையில்லை. வானம் என்று எல்லா வெளிப்புறப் படத்துக்கும் போட்டால், வானத்துக்காகவே எடுத்த அந்த நான்கு படங்கள் ஆயிரத்துக்குள் தொலைந்துபோகும். படத்தின் ஓரத்தில் இருப்பதற்கெல்லாம் சொல் போடாதீர்கள்.

தேதி, கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம் இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டாம். 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் கொண்டுவந்த எக்சிஃப் என்ற முறைப்படி கேமராவே அவற்றைப் படத்துக்குள் எழுதிவிடுகிறது. 2019-இல் எடுத்த படங்கள் வேண்டும் என்றால் தேதி வடிகட்டியைப் போட்டாலே போதும்.

குறிச்சொற்களைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

தாராளமாகத் தமிழில் எழுதலாம், நான் தமிழில்தான் எழுதுகிறேன், தேடும்போது மனதில் வரும் சொல் தமிழ்ச்சொல்தான் என்பதால். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள், ஏனென்றால் இந்த மூன்றையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலாவது நீளம். ஐபிடிசி என்கிற சர்வதேசச் செய்தித் துறை அமைப்பு 1990களின் தொடக்கத்தில் வகுத்த பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுதான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கப் பயன்படும் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு அப்படியில்லை, எழுத்துக்கு 3 பைட், அதன்மேல் ஏறும் புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனியாக மும்மூன்று. "பிறந்தநாள் கொண்டாட்டம்" என்று எழுதிப் பாருங்கள்: முதல் சொல்லில் 10 குறியீடுகள், இரண்டாவதில் 11, ஆக 21 மும்மூன்று 63, நடுவில் இடைவெளிக்கு ஒன்று, சரியாக 64. மயிரிழையில் தப்பிக்கிறது. அதையே "கொண்டாட்டங்கள்" என்று எழுதினால் 73 ஆகிவிடும், பழைய முறையில் எழுதும் மென்பொருள் வால்பகுதியை வெட்டிவிடக்கூடும். 2001-இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்தக் கட்டு இல்லை, இன்றைய மென்பொருள்கள் அதைத்தான் முதலில் படிக்கின்றன. இருந்தாலும் "பிறந்தநாள்" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டால் எங்கே போனாலும் கவலையில்லை.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். "கொ" என்பதில் இருக்கும் ஒற்றைக்கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். போன் விசைப்பலகையில் எழுதிய "கொக்கு" ஒரு பட்டியலாகவும் கணினியில் எழுதிய "கொக்கு" இன்னொரு பட்டியலாகவும் நிற்பதைப் பார்த்தால் திகைக்காதீர்கள், காரணம் இதுதான். இரண்டையும் சமமாக்கித் தேடும் மென்பொருளும் உண்டு, தேடாததும் உண்டு. நம்பகமான வழி, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டாமல், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் சொல்லைத் தேர்ந்தெடுப்பது.

மூன்றாவது, பழைய முறையில் எழுதும்போது இது யூடிஎஃப்-8 என்று அறிவிக்க ஒரு தனிக் குறிப்பு உண்டு. அதை எழுதாத மென்பொருளில் போட்ட தமிழ், வேறொன்றில் திறக்கும்போது அர்த்தமில்லாத கிறுக்கல்களாக வரும். அதனால் ஆயிரம் படங்களுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு படத்துக்குத் தமிழில் நான்கு சொல் போட்டு, நீங்கள் பயன்படுத்தும் எல்லா இடத்திலும் திறந்து பாருங்கள்.

மலை என்பதா, மலைகள் என்பதா? பீச் என்பதா, கடற்கரை என்பதா?

எது என்பது பெரிதில்லை, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாறாமல் இருப்பதுதான் பெரிது. பொருள்களுக்கு ஒருமை, செயல்களுக்கு "நடனம்", "ஓட்டம்" போலப் பெயர்ச்சொல் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஒரு சாதாரண உரை ஃபைலில் என் சொற்பட்டியல் இருக்கிறது, 240 சொற்கள் அளவில். புதிய சொல் ஒன்று சேர்க்கத் தோன்றினால், அதே பொருளில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன். பெரிய ஆவணக் காப்பகங்களும் இதையே செய்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படங்களுக்கென்றே ஒரு சொற்களஞ்சியத்தை வைத்திருக்கிறது, அதில் ஒரு பொருளுக்கு ஏற்றுக்கொண்ட சொல் ஒன்றுதான், மற்றவை எல்லாம் "இதற்குப் பதில் அதைப் பார்" என்று கை காட்டும். லைட்ரூமில் ஒரு குறிச்சொல்லுக்கு மாற்றுச்சொற்கள் சேர்க்கும் வசதி இருக்கிறது, அங்கே கடற்கரைக்குக் கீழ் பீச் என்று ஒரு முறை போட்டுவிட்டால் தீர்ந்தது.

அப்புறம், அடுக்கு முறை. பறவை என்பதன் கீழ் மீன்கொத்தி, கொக்கு, ஆந்தை என்று அடுக்கினால், மீன்கொத்தி என்று போட்டாலே பறவை என்று தேடும்போதும் அது வரும். இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று. உயிரினம், விலங்கு, முதுகெலும்புள்ளவை என்று அறிவியல் வகுப்பு எடுக்கத் தொடங்கினால் படம் எடுக்க நேரமிருக்காது. சொல்லுக்குள் காற்புள்ளி போடாதீர்கள், பல மென்பொருள்கள் அதை இரண்டு சொல்லாக வெட்டிவிடும். சிலவற்றில் அரைப்புள்ளிக்கும் அதே கதி.

நான் போடும் குறிச்சொற்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மூன்று இடங்களில் இருக்கலாம். படத்தின் ஃபைலுக்குள்ளேயே இருக்கலாம். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்எம்பி என்ற சிறிய துணை ஃபைலில் இருக்கலாம், ரா படங்களுக்கு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் மூலப் படங்களுக்கு, பெரும்பாலும் அப்படித்தான். அல்லது அந்த மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் மட்டும் இருக்கலாம். மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

எனக்கு நடந்தது இது. ஒரு மென்பொருளில் மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, ஏழாயிரத்துச் சொச்சம் படங்களுக்குப் பெயரும் இடமும் போட்டேன். பிறகு அதைத் தயாரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், புதிய கணினியில் அது ஓடவில்லை. படங்களை வேறொன்றில் திறந்தேன். எல்லாப் படங்களும் வந்தன, ஒரு சொல்கூட வரவில்லை. மூன்று வருட உழைப்பும் அந்தத் தரவுத்தளத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. பழைய கணினியை ஒருவழியாக உயிர்ப்பித்துப் பாதியைத்தான் மீட்க முடிந்தது.

அதனால் முதல் நாளே அமைப்புகளுக்குள் போய், படத்துக்குள் எழுது என்ற பொருள்படும் தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தேர்வு கேட்டலாக் (அந்த மென்பொருளின் தரவுத்தளம்) அமைப்புகளில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். டிஜிகேம் என்ற மென்பொருளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதியில் எதையெல்லாம் எழுதலாம் என்று தனித்தனியாகக் கேட்கும். மேக்கில் ஆப்பிள் ஃபோட்டோஸ் தன் நூலகத்துக்குள்தான் வைத்துக்கொள்ளும், வெளியே எடுக்கும்போது தலைப்பும் குறிச்சொல்லும் சேர்த்து எடு என்ற பெட்டியில் டிக் செய்ய வேண்டும்.

சோதனை எளிது. ஒரு ஜேபெக் படத்துக்குக் குறிச்சொல் போடுங்கள், அதை வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள், வேறொரு மென்பொருளில் திறங்கள். விண்டோஸ் என்றால் வலது கிளிக் செய்து பண்புகளில் விவரங்கள் என்ற தாவலைப் பார்த்தாலே தெரியும். சொல் அங்கே இருந்தால் அது உங்களுடையது.

படத்துக்குள் எழுதினால் தரம் குறையாதா?

குறையாது. ஜேபெக் ஃபைலில் படத்துக்கு ஒரு பகுதி, இந்த விவரங்களுக்கு வேறு பகுதி. படத்தை மறுபடி சுருக்காமலே எழுதுகிறார்கள். ஒன்று மட்டும் நடக்கும்: ஃபைல் மாறிய தேதி புதிதாகும், அதனால் பேக்கப் மென்பொருள் அந்தப் படத்தை மறுபடி முழுதாக நகலெடுக்கும். பத்தாயிரம் படங்களுக்கு ஒரேயடியாகச் சொல் போட்ட இரவில் இணையம் மந்தமாக இருந்தால் காரணம் அதுதான்.

ரா ஃபைலோடு துணை ஃபைல் வைத்திருப்பவர்கள், பெயர் மாற்றுவதையும் இடம் மாற்றுவதையும் புகைப்பட மென்பொருளுக்குள்ளிருந்தே செய்யுங்கள். சாதாரண ஃபைல் மேலாளரில் படத்தை மட்டும் இழுத்துப் போட்டால் துணை ஃபைல் பழைய இடத்திலேயே அநாதையாகக் கிடக்கும்.

ஒரு மென்பொருளில் சிவப்பு லேபிள் போட்டேன், இன்னொன்றில் வெள்ளையாகத் தெரிகிறது. ஏன்?

ஃபைலுக்குள் எழுதப்படுவது நிறம் அல்ல, ஒரு சொல். லைட்ரூம் சிவப்புக்கு "ரெட்" என்று எழுதுகிறது. அதே அடோபி நிறுவனத்தின் பிரிட்ஜ் என்ற மென்பொருள், தன் வழக்கமான அமைப்பில், அதே சிவப்புக்கு "செலக்ட்" என்று எழுதுகிறது. ஒன்று எழுதிய சொல் மற்றொன்றின் பட்டியலில் இல்லையென்றால் ஏதோ லேபிள் இருக்கிறது, எதுவென்று தெரியவில்லை என்று வெள்ளை காட்டும். இரண்டிலும் லேபிள் பெயர்களை ஒரே மாதிரி மாற்றிவிட்டால் சரியாகிவிடும். லைட்ரூமில் பிரிட்ஜின் பெயர்த்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது.

30,000 படங்கள் சேர்ந்துவிட்டன. எங்கிருந்து தொடங்குவது?

இன்று எடுத்த படத்திலிருந்து. பழையதிலிருந்து தொடங்கினால் நீங்கள் 2011-ஐ முடிப்பதற்குள் இந்த வருடம் புதிதாகக் குவிந்துவிடும். ஒரு படத்துக்கு 20 வினாடி என்று வைத்துக்கொண்டாலும் முப்பதாயிரத்துக்கு 166 மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாராலும் மொத்தமாக உட்கார முடியாது, உட்காரவும் வேண்டாம்.

முதலில் கழியுங்கள். ஒரே காட்சியை எட்டு முறை எடுத்திருந்தால் ஆறைத் தூக்கிவிடலாம். பிறகு கூட்டமாகச் சொல் போடுங்கள்: ஒரு பயணத்தின் 400 படங்களையும் தேர்ந்தெடுத்து ஊரின் பெயரையும் பயணம் என்பதையும் ஒரே தட்டில் போட்டுவிடலாம், அதற்கு ஒரு நிமிடம். அதற்குள் ஒருவரின் முகம் இருக்கும் எழுபதைத் தேர்ந்தெடுத்துப் பெயர் போடுங்கள். தனித்தனியாகப் பார்த்துச் சொல் போடுவது மூன்று நட்சத்திரத்துக்கு மேல் வாங்கியவற்றுக்கு மட்டும். கேமராவிலிருந்து இறக்கும்போதே பொதுவான சொற்களைப் போட எல்லா நல்ல மென்பொருளிலும் இடம் இருக்கிறது, அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாக்கி சேராது. குறிச்சொல்லே இல்லாதவை என்று ஒரு வடிகட்டியைச் சேமித்து வையுங்கள், மிச்சம் எவ்வளவு என்று அது காட்டும்.

இப்போதுதான் நாய் என்று தட்டினால் போனே தேடிக் கொடுக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?

அது நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நாய் என்று அதற்குத் தெரியும், அது யார் வீட்டு நாய் என்று தெரியாது. மேடையும் கூட்டமும் தெரியும், அது உங்கள் தம்பி முதல் முறை மேடையேறிய நாள் என்று தெரியாது. முகங்களைச் சேர்க்கும்போது உடன்பிறந்தவர்களைக் குழப்பும், கைக்குழந்தையையும் வளர்ந்த பிள்ளையையும் இரண்டு பேராக வைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அது கண்டுபிடித்தது அந்தச் சேவைக்குள்ளேயே இருக்கும், உங்கள் ஃபைலுக்குள் வராது.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் சாமர்த்தியம். கணினியில் இருக்கும் முகத் தேடலைக் கொண்டு ஒருவரின் படங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள், தப்பாக வந்ததை நீக்குங்கள், மீதியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பெயரைக் குறிச்சொல்லாகப் போடுங்கள். ஒரு மாலையில் ஆயிரம் படம் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களும் ஸ்கேன் செய்த படங்களும் தேதி மாறி நிற்கின்றன. என்ன செய்வது?

வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது எக்சிஃப் விவரங்களை உரித்துவிடுகிறது. ஃபைல் பெயரில் இருக்கும் தேதி வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. முக்கியமான படம் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது விவரங்கள் அப்படியே வரும்.

வெளிநாட்டுப் பயணத்தில் கேமராவின் கடிகாரத்தை மாற்ற மறந்திருந்தால், எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து இத்தனை மணி நேரம் கூட்டு அல்லது குறை என்று ஒரே முறையில் திருத்தலாம். எக்சிஃபில் நேர மண்டலத்தை எழுத இடம் கிடைத்ததே 2016-இல்தான், அதனால் பழைய கேமராக்கள் மணியை எழுதும், எந்த நாட்டு மணி என்று எழுதாது.

ஸ்கேன் செய்தவற்றில் எடுத்த தேதிக்கான இடத்தில் ஸ்கேன் செய்த நாளோ, வெறுமையோ இருக்கும். சரியான நாள் தெரியாவிட்டால் தோராயமான ஆண்டின் ஜனவரி 1 என்று போட்டு, "தேதி தோராயம்" என்று ஒரு குறிச்சொல்லும் சேருங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு பார்ப்பவர் அந்த ஜனவரி 1-ஐ நிஜம் என்று நம்பிவிடுவார்.

பகிரும்போது இந்தச் சொற்களும் படத்தோடு சேர்ந்து போய்விடுமா?

போகலாம். குழந்தையின் பெயர், வீட்டின் இருப்பிடம் எல்லாம் சேர்ந்தே போகும். வெளியே அனுப்பும் நகலை எடுக்கும்போது ஆட்களையும் இடத்தையும் நீக்கு என்ற தேர்வை இயக்குங்கள். மூலப்படத்தில் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பேக்கப்பில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

படங்கள், துணை ஃபைல்கள், மென்பொருளின் கேட்டலாக், உங்கள் சொற்பட்டியல். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கேட்டலாகை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் நகலெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய குடும்பப் படங்களில் இருக்கும் பலர் யாரென்றே தெரியவில்லை. அவற்றுக்கு என்ன சொல் போடுவது?

"யார்?" என்று போடுங்கள், கேள்விக்குறியோடு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது அந்த ஒரு சொல்லைத் தட்டி, வருகிற படங்களை டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டுவேன். பெயரோடு அவர்கள் சொல்லும் விவரத்தை விளக்கக் குறிப்புக்கான இடத்தில் அப்படியே எழுதிக்கொள்வேன், "இடமிருந்து இரண்டாவது, சித்தப்பாவோடு படித்தவர், சைக்கிள் அவருடையது" என்கிற அளவுக்கு. யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் இன்னொருவர் வந்து வேறு பெயர் சொல்வார். போன முறை போனபோது பெரியம்மா ஒரே உட்காரலில் பதினொரு பேரைச் சொன்னார். இன்னும் 63 படங்களில் அந்தச் சொல் இருக்கிறது.